புல் ரிக்வெஸ்ட் அனுப்பச் சொல்கிறோம். அதை யார் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளாக வேலைவாய்ப்புத் தேர்வுகள் நெருங்கும் மாதங்களில் கல்வி இணைப்பிதழ்களில் ஓர் அறிவுரை தவறாமல் வருகிறது: கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களியுங்கள், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் பக்கத்தைப் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்களால் நிரப்புங்கள், வேலை கிடைக்கும். இந்த அறிவுரையில் பாதிதான் இருக்கிறது. மாணவர் அனுப்பும் நிரலை மறுமுனையில் ஒருவர் சம்பளமில்லாமல், அலுவலகம் முடிந்த இரவில் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும் என்பது விடுபட்ட பாதி. அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை அனுப்புவோரும் பெறுவோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

திட்டத்தின் நகலைத் தன் கணக்கில் எடுத்து, மாற்றம் செய்து, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பும் கோரிக்கையே புல் ரிக்வெஸ்ட். அதை மெர்ஜ் செய்ய (திட்டத்தில் சேர்க்க) ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அழுத்திய கணத்திலிருந்து அந்த நிரலுக்கு முழுப் பொறுப்பு பராமரிப்பாளர் தலையில் வந்துவிடும். எழுதியவர் வேலை கிடைத்துப் போயிருப்பார். மூன்று ஆண்டு கழித்து பைத்தானின் புதிய பதிப்பில் அது உடையும்போது சரிசெய்ய இருப்பவர் பராமரிப்பாளர் மட்டும்தான். ஆகவே ‘இந்த நிரல் இன்று ஓடுகிறதா’ என்று பார்ப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள முடியாது; எழுதியவர் இல்லாத நாளிலும் இதைத் தன்னால் காப்பாற்ற முடியுமா என்றும் யோசித்தாக வேண்டும்.

நல்லெண்ணத்தோடு வந்த நிரலையும் சரியாகப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓபன்எஸ்எஸ்எல் சாட்சி. இணையத்தில் பாதுகாப்பான தொடர்பை நடத்தும் நிரலகம் (பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) அது. ‘ஹார்ட்பீட்’ என்ற வசதிக்காக வெளியிலிருந்து ஒருவர் எழுதிய நிரல், சரிபார்க்கப்பட்டு, 2011 டிசம்பர் 31 அன்று அதில் சேர்ந்தது. ஒரு முனை சிறு செய்தியையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மறுமுனை அதே செய்தியைத் திருப்பி அனுப்பும். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனை எழுதப்படவில்லை. ஒரே ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் சேர்ந்து வெளியே போயின. 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பிலிருந்து 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்று அம்பலமாகும் வரை அந்தப் பிழை அங்கேயே இருந்தது. எழுதியவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. சரிபார்த்தவரும் படிக்காமல் விடவில்லை. இருக்கும் வரியில் உள்ள தவறு கண்ணில் படும், இல்லாத வரி படாது. அதனால் இல்லாத வரியைத் தேடுவதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். வெளியிலிருந்து நிரலுக்குள் வரும் ஒவ்வொரு மதிப்பையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அது வெறுமையாக வந்தால்? சொன்னதைவிடப் பெரிதாக வந்தால்? எதிர்மறை எண்ணாக வந்தால்? எதிர்பாராத வகையாக வந்தால்? என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும், பலர் செய்வதில்லை. பிழைத்திருத்தத்தோடு வரும் புதிய டெஸ்ட்டை (நிரலைச் சோதிக்கும் சிறு நிரலை) திருத்தம் இல்லாத பழைய நிரலில் ஓட்டிப் பாருங்கள். அங்கே அது தோற்க வேண்டும். பழைய நிரலிலும் அது வெற்றி என்று காட்டினால், அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை.

தமிழுக்கான நிரலகங்களில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கணக்குக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். எழுத்தெண்ணும் செயற்கூற்றைத் தமிழ் தெரியாத ஒருவர் வேகப்படுத்தி அனுப்பினால், ஆங்கிலச் சொற்களை வைத்து எழுதிய டெஸ்ட்கள் எல்லாம் பச்சை காட்டும். தமிழில் மட்டும் விடை ஐந்து என வரும். சொல்லைத் தலைகீழாக்கும் செயற்கூறாக இருந்தால் புள்ளி முதலில் வந்து, ஒட்டுவதற்கு எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தின் மேல் நிற்கும். ‘கொடி’ இன்னும் நுட்பமானது. அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் துளி வேறுபாடு தெரியாது, ஆனால் இரண்டையும் ஒப்பிட்டால் கணினி சமமில்லை என்னும். என்எஃப்சி என்ற யூனிகோட் நெறிப்படுத்தலை முதலிலேயே செய்துவிட்டால் இது தீரும். ஆனால் ‘ஔவை’யின் முதலெழுத்தை ஒ, ள என்று இரண்டு விசை தட்டி எழுதுவோர் ஏராளம். அதை எந்த நெறிப்படுத்தலும் சேர்த்து வைக்காது. ஏற்பதா மறுப்பதா என்று திட்டமே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். இப்படிப்பட்ட இருபது முப்பது சொற்களைத் தனிக் கோப்பில் வைத்து, எந்த மாற்றம் வந்தாலும் அந்தச் சொற்கள் முழுவதும் தேற வேண்டும் என்று தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிட்டால், பராமரிப்பாளர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் அந்தப் பிழை உள்ளே வராது.

அடுத்தது அளவு. ஒரே அமர்வில் 200 முதல் 400 வரி வரைதான் ஒருவரால் கவனமாகப் படிக்க முடியும். அதைத் தாண்டினால் கண் ஓடும், மனம் நிற்காது. 30 வரித் திருத்தத்தில் ஐந்து குறை சொல்பவர் 1,500 வரி வந்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று முடித்துவிடுவது இதனால்தான். பெரிய மாற்றத்தைப் பிரித்து அனுப்பச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். முதலில் நிரலின் நடத்தை மாறாமல் இடம் மட்டும் மாற்றும் பகுதி, பிறகு புதிய வசதி, பிறகு ஆவணம்.

பல நேரம் அந்த 1,500 வரி உண்மையானதுகூட அல்ல. விண்டோஸில் கோப்பைத் திறந்து சேமித்தபோது வரிமுடிவுக் குறி மாறியிருக்கும். கோப்பு முழுவதும் அழிந்து மீண்டும் எழுதியதுபோலத் தெரியும். அல்லது எடிட்டர் சேமிக்கும்போதே எல்லா வரியையும் தன் விருப்பப்படி அடுக்கியிருக்கும். நடுவில் இருக்கும் மூன்று வரித் திருத்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். திட்டத்தின் கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரிமுடிவை ஒரேமாதிரியாக்கும் ஒற்றை வரியைச் சேர்த்து, வடிவமைப்புக் கருவி ஒன்றைத் தேர்ந்து கமிட் (மாற்றத்தைப் பதிவு) செய்யும்போதே ஓடவைத்தால் இந்தத் தொல்லை முடிந்தது. இடைவெளி, காற்புள்ளி பற்றி மனிதர் மனிதரிடம் வாதாடவே கூடாது. புதியவர்கள் மனம் உடைந்து போவது அந்த வாதத்தில்தான்.

படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் இந்த மாற்றம் திட்டத்துக்கு வேண்டுமா? பிறகு அணுகுமுறை சரியா? கடைசியில்தான் மாறியின் பெயரும் எழுத்துப்பிழையும். தலைகீழாகப் போனால், ஒருவரை முப்பது திருத்தம் செய்யவைத்து மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு ‘மன்னிக்கவும், இந்த வசதி எங்களுக்குத் தேவையில்லை’ என்று சொல்ல நேரும். அது அவர் உழைப்புக்குச் செய்யும் அநீதி. இதைத் தவிர்க்கத்தான் புதிய வசதி என்றால் நிரல் எழுதும் முன் இஷ்யூ (திட்டப் பக்கத்தில் விவாதப் பதிவு) திறந்து பேசுங்கள் என்று பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பில் முதல் வரியாக எழுதச் சொல்கிறோம். எதை ஏற்கமாட்டோம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். ‘கட்டாயம் மாற்ற வேண்டியது’, ‘விரும்பினால் மாற்றலாம்’ என்று ஒவ்வொரு கருத்தின் தொடக்கத்திலும் குறித்துவிட்டால் புதியவர் பாதித் தவிப்பிலிருந்து தப்புவார். திருத்தங்களைப் புதிய கமிட்களாகவே அனுப்பச் சொல்லுங்கள். பழைய கமிட்டை மாற்றி எழுதி ஃபோர்ஸ்-புஷ் செய்தால் முன்பு படித்ததற்கும் இப்போதுள்ளதற்கும் என்ன வேறுபாடு என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. எல்லாம் முடிந்தபின் ஸ்குவாஷ் செய்து ஒரே கமிட்டாக்கிக்கொள்ளலாம்.

பாதுகாப்புப் பக்கம் வருவோம். சிறு திட்டங்கள் இங்கேதான் அதிகம் அசட்டையாக இருக்கின்றன. புல் ரிக்வெஸ்ட் வந்தவுடன் தானியங்கிச் சோதனை ஓடுகிறது என்றால், முகம் தெரியாத ஒருவரின் நிரல் நம் கணக்கில் ஓடுகிறது என்று பொருள். இலவசமாகக் கிடைக்கும் இந்தக் கணினிகளில் கிரிப்டோ நாணயம் தோண்டப் பலர் முயன்றதால், முதல்முறை பங்களிப்பவரின் சோதனை ஓடப் பராமரிப்பாளர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் கிட்ஹப் விதி கொண்டுவந்தது. அந்த விதிக்குள் ஓர் ஓட்டை: முதலில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பி, அது மெர்ஜ் ஆகிவிட்டால், அவர் முதல்முறை பங்களிப்பவர் அல்ல. ஆகவே அமைப்புகளில் ‘வெளிப் பங்களிப்பாளர் அனைவருக்கும் அனுமதி வேண்டும்’ என்ற தெரிவையே வையுங்கள். அனுமதிக்கும் முன் பார்க்க வேண்டிய கோப்புகள் சில: தானியங்கிச் சோதனையை ஓட்டும் கிட்ஹப் வசதியான ஆக்‌ஷன்ஸ் பணியோட்டக் கோப்புகள், மேக்ஃபைல், பைத்தானின் செட்டப் கோப்பு, ஜாவாஸ்கிரிப்ட் திட்டமானால் பேக்கேஜ் கோப்பில் உள்ள ஸ்கிரிப்ட் பகுதி. நிறுவும்போதோ சோதிக்கும்போதோ இவை தாமாக ஓடும்.

ஃபோர்க்கிலிருந்து, அதாவது பங்களிப்பவர் எடுத்த நகலிலிருந்து, வரும் ரிக்வெஸ்ட்களுக்கு ஆக்‌ஷன்ஸ் சாதாரணமாக நம் ரகசியச் சாவிகளைக் காட்டாது. ‘புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட்’ என்ற தூண்டலைப் பயன்படுத்தினால் காட்டும். லேபிள் ஒட்டுவது போன்ற சிறு வேலைக்காக உருவானது அது. சோதனை தோற்கிறதே என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்தத் தூண்டலுக்கு மாறி, அதிலேயே வெளியாரின் நிரலை இறக்கி ஓட்டினால், திட்டத்தின் வெளியீட்டுச் சாவியை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். திட்டம் சார்ந்திருக்கும் வெளிப் பொதிகளின் பதிப்பைக் குறித்து வைக்கும் லாக் கோப்பையும் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அந்தக் கோப்பைத் திரை மடித்துக் காட்டும், யாரும் விரித்துப் படிப்பதில்லை. நடுவில் ஒரு பொதியின் பதிவிறக்க முகவரியை மட்டும் மாற்றி வைக்க முடியும். வெளியார் அனுப்பும் லாக் கோப்பை ஏற்காமல், பராமரிப்பாளரே தன் கணினியில் புதிதாக உருவாக்குவதே சரி.

ஒப்புதல் கொடுத்தபின் வந்து சேரும் கமிட் இன்னொரு பொறி. ‘புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் செல்லாது’ என்ற பிராஞ்ச் (நிரலின் கிளை) பாதுகாப்புத் தெரிவு கிட்ஹப்பில் இருக்கிறது. அதை இன்றே இயக்கி வைக்கலாம்.

இவை எல்லாம் இருந்தும் ஏமாறலாம் என்பதை 2024 காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-ஸெட் யூட்டில்ஸ் திட்டத்தை லாஸ்ஸே காலின் என்ற தன்னார்வலர் பெரும்பாலும் தனியாகவே தாங்கி வந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒரு கணக்கு அதற்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கியது. 2022-இல் அதுவரை யாரும் கேட்டிராத வேறு சில பெயர்கள் வந்து, திட்டம் மெதுவாக நகர்கிறது, புதிய பராமரிப்பாளரைச் சேருங்கள் என்று நெருக்கின. தன் மனநலச் சிரமங்களையும் இது ஊதியமில்லாப் பணி என்பதையும் காலின் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்கடி ஓயவில்லை. காலப்போக்கில் ஜியா டானுக்கு வெளியீட்டு உரிமை வந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழைய உதவும் கள்ளக் கதவு இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் முறை) வழி உள்நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார்.

கள்ளக் கதவின் உடல், டெஸ்ட்டுக்கான பைனரிக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தட்டி எழுப்பும் வரி, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை; வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிய டார் தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தை எத்தனை பேர் எத்தனை முறை படித்திருந்தாலும் அந்த வரி கிடைத்திருக்காது. ஆகவே வெளியீட்டுக் கோப்பை ஒருவர் தன் மடிக்கணினியில் கட்டிப் பதிவேற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். களஞ்சியத்திலிருந்து தானியங்கியாகக் கட்டி, வேறொருவர் கட்டிப் பார்த்தாலும் அதே கோப்பு வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். டெஸ்ட்டுக்குப் பைனரிக் கோப்பு வந்தால் அதை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டையும் கேளுங்கள். கமிட் உரிமையும் வெளியீட்டு உரிமையும் ஒரே நாளில் ஒரே ஆளுக்குத் தர வேண்டாம். சோர்ந்திருக்கும் பராமரிப்பாளரை யாராவது பொதுவெளியில் அவசரப்படுத்தினால், பயனர்கள் உடனே அவர் பக்கம் நின்று பேச வேண்டும். காலினுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அந்த ஆதரவு போதிய அளவு கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு இன்றும் வலிக்கிறது.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. தன் நிரல் லினக்ஸில் புகுந்துவிட்டது என்று ஐபிஎம்மை எதிர்த்து எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் தொடுத்த வழக்குக்குப் பின், ‘இந்த நிரலை அனுப்ப எனக்கு உரிமை உண்டு’ என்று பங்களிப்பவர் உறுதி கூறும் முறையை லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) திட்டம் 2004-இல் கொண்டுவந்தது. கமிட் செய்தியின் அடியில் வரும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி அதுதான். கமிட் கட்டளையில் சிறிய ‘எஸ்’ தெரிவைச் சேர்த்தால் தானாக வந்துவிடும். பெரிய ‘எஸ்’ வேறு, அது சாவியால் கையொப்பமிடுவது. வேலையில் இருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக ஊழியர் படைப்பதற்கு முதல் உரிமையாளர் முதலாளியே. அலுவலகப் பணிக்காக எழுதிய நிரலை அனுமதியில்லாமல் அனுப்பினால் பிறகு திட்டம் அதைப் பிடுங்கி எறிய வேண்டி வரலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரல்கள் குவிகின்றன. எழுதுவதற்கு ஒரு நிமிடம், படிப்பதற்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு தலைகீழாகிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத் திட்டமான ஜென்டூ 2024 ஏப்ரலில் இத்தகைய பங்களிப்பை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத் திட்டமும் ஏறக்குறைய அதே வழிக்கு வந்தது. பாதுகாப்புப் பிழை கண்டு சொல்வோருக்குப் பரிசளித்து வந்த கர்ல் என்ற தரவுப் பரிமாற்றக் கருவித் திட்டம், இல்லாத பிழைகளைப் பற்றிய நீண்ட அறிக்கைகளைத் தாங்க முடியாமல் 2026 ஜனவரி இறுதியோடு பரிசை நிறுத்திக்கொண்டது. முழுத்தடை எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. ரிக்வெஸ்ட் படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்தாலே பெரும்பகுதி வடிகட்டிவிடும்: இதை எப்படி ஓட்டிச் சோதித்தீர்கள்? வேறு எந்த வழியை யோசித்து ஏன் விட்டீர்கள்? தான் புரிந்துகொண்டு எழுதியவர் நாலு வரியில், தமிழிலோ தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்திலோ, பதில் சொல்லிவிடுவார். அந்த நாலு வரிக்காகவே ஒரு பராமரிப்பாளர் மகிழ்ந்து ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருவார்.

மறுப்பதை விரைவாகவும் மரியாதையாகவும் செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்குள் ‘பார்த்தோம், இந்த மாத இறுதியில் படிக்கிறோம்’ என்றாவது எழுதுங்கள். ஆறு மாத மௌனம்தான் கொடுமை. வேண்டாம் என்றால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லி மூடிவிடுங்கள். கருத்து நல்லது, நிரல் சரியில்லை என்று நீங்களே மாற்றி எழுதினால், கமிட்டில் அவரையும் இணை ஆசிரியராகக் குறிக்கத் தவறாதீர்கள். அந்தப் பெயர் அவருடைய நியாயமான கூலி.

கல்லூரிகளுக்கு வருகிறோம். எண்ணிக்கையை இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பங்களிப்பு விழாவில், 2020 அக்டோபரில் நான்கு ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றிருந்தது. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் குப்பையாக ரிக்வெஸ்ட்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் திறந்து ‘செல்லாது’ என்று லேபிள் ஒட்டும் வேலை தன்னார்வலர்கள் மீது விழுந்தது. மூன்றாம் நாளே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கும் இதே கதி. பயிற்சி வீடியோ ஒன்று அதை உதாரணமாகக் காட்ட, பார்த்தவர்கள் தங்கள் பெயரை அதன் ரீட்மீயில் சேர்த்து அனுப்பினார்கள். அவர்களில் நம் நாட்டு மாணவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை, சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு வகுப்புக்கென்று ஒரு களஞ்சியம் திறங்கள். மாணவர்கள் அங்கே ஒருவர் நிரலை ஒருவர் படித்து, குறை சொல்லி, திருத்தி, மெர்ஜ் செய்யட்டும். வெளித் திட்டத்துக்குப் போகும்போது ஒரு பருவத்துக்கு ஒரு ரிக்வெஸ்ட், அதை முடியும்வரை கைவிடாமல் நடத்துவது என்று வையுங்கள். நிரல் எழுதாமலும் பெரிய உதவி செய்யலாம். யாரோ சொன்ன பிழையைத் தன் கணினியில் மீண்டும் வரவழைத்து, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்த உள்ளீடு என்று எழுதிக் கொடுத்தால் பராமரிப்பாளருக்கு ஒரு மாலை மிச்சம். காத்திருக்கும் வேறொருவர் ரிக்வெஸ்ட்டை இறக்கி ஓட்டிப் பார்த்து ‘ஆண்ட்ராய்டில் சரியாக வருகிறது, ஐபோனில் எழுத்து உடைகிறது’ என்று எழுதினாலும் அப்படியே. இவற்றுக்கும் அக மதிப்பெண் கொடுங்கள்.

தங்கள் இதழில் அடுத்த முறை இந்த அறிவுரை வரும்போது, பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் மூன்று வரி சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்: முதலில் பங்களிப்பு வழிகாட்டியைப் படியுங்கள், நிரலுக்கு முன் இஷ்யூவில் பேசுங்கள், அனுப்பிய பின் கேள்வி வந்தால் பதில் சொல்ல இருங்கள்.

இப்படிக்கு,
தமிழ்க் கணிமைத் திட்டங்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் சிலர்,
மதுரை